ஆற முதல்

மயிர்க்கீறுதான் முதலில், என்றார் டொக்டர்.
படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து
மூடிபோட்ட பேனையால் தொட்டார்:
இரண்டாம் விரலுக்குப் போகிற எலும்பு
நடுவில் தடித்து
கொஞ்சம் மேலே கிளம்பி,
மதில் வெடிப்பில் அவசரத்துக்கு அப்பின சீமெந்து மாதிரி.

விழுந்தனீங்களோ?
இல்லை.
பாரம் ஏதும் காலில விழுந்ததோ?
இல்லை டொக்டர். நிண்டனான்.

கஸ்தூரியார் வீதியில் மூன்று தட்டு உடுப்புக்கடை.
எனக்குச் சாறிப் பகுதி.
நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும்
காலை ஒன்பதுக்கு ஊன்றின கால்
இரவு ஒன்பதரைக்குத்தான் எடுக்கலாம்.
இருக்கக்கூடாது என்று எங்கும் எழுதியில்லை.
கதிரைதான் இல்லை.
வாசலில் நிற்கிற பொம்மைக்கு மட்டும்
குதியில் ஓட்டை போட்டு
ஓர் இரும்புத் தண்டு கொடுத்திருக்கிறார்கள்.

சப்பறத்தன்று தொடங்கினது,
புறங்காலில் ஒரு சூடு.
சுளுக்கென்றாள் காசுமேசை அக்கா.
தைலம் பூசினேன். பனடோல் இரண்டு, பிளேன்ரீ ஒன்று.
தேரன்று, வெறுங்காலோடு மணலில் வெந்து வந்தவர்கள்
கடை ரைல்ஸில் பாதம் வைத்து
'அப்பாடா' என்றார்கள்.
அவர்களுக்கு மாம்பழ மஞ்சளை விரித்துக் காட்டினேன்
ஒற்றைக் காலில் நின்று.
'கொக்குவில்லாள் எண்டால் உப்பிடித்தான்'
என்று சிரித்தாள் ஜெனிற்றா.
நானும் சிரித்தேன்.

பூங்காவனம் முடிந்து ஒரு மாதத்தில் நோவும் முடிந்தது.
சுகமென்றுதான் நினைத்தேன்.
எலும்புக்கு அவசரம்.
அது ஒருத்தரையும் கேட்கவில்லை.
நான் நின்ற நிலையில்
தான் கிளம்பின கிளம்பலில்
தன்னைத் தானே ஒட்டிக்கொண்டது.

மாசியில் திரும்பவும் நோ.
ஆனால் இடம் மாறி.

'உடைஞ்சது இப்ப நோகேல்லை.
அது வடிவா ஒட்டியிட்டுது,
பாருங்கோ, படத்தில ஆக வெள்ளை அதுதான்.
ஆனால் அதின்ர தலை நிலத்தில முட்டுறேல்லை.
பக்கத்து எலும்பு
ரெண்டு பங்கு தூக்குது.'

நேராக்கலாமாம்.
திரும்ப உடைக்க வேணும்.
ஒரு தகடு, ஆணிகள்,
ஆறு கிழமைக்குக் கால் ஊன்றப்படாது.
ஊன்றப்படாது என்ற சொல்லை
மனதுக்குள் கடைக்குக் கொண்டுபோய்
முதலாளியின் மேசையில் வைத்துப் பார்த்தேன்.
பிறகு நானே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உடைந்த இடந்தான் பிறகு பலமென்று
கிளினிக் வாங்கில் ஒருவர்
ஆருக்கோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.
இருக்கலாம்.
பக்கத்து எலும்பையும் ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ, ஐயா.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் சப்பாத்துத் தைக்கிற மரியநேசன்
பழைய பேப்பரில் என் காலை வைக்கச் சொல்லி
பென்சிலால் சுற்றி வரைந்தார்.
மூன்றாம் விரலடியில் குழி வெட்டி
மெத்தென்ற றப்பர் ஒட்டினார்.
'ஆர் பிள்ளை இதைப் பொருத்தினது?'
தானாப் பொருந்தினது, அண்ணை.
'அதுதானே' என்றார்.
நானூற்றைம்பது ரூபா.

மேல்தட்டுப் பட்டுகளுக்கு இப்போது
ஏணியில் ஏறுவது ஜெனிற்றா.
நான் கேட்கவில்லை.
மாசியிலிருந்து அவளாகத்தான்
என் ஏற்றங்களையும் சேர்த்து ஏறுகிறாள்.
ஒரு கலியாணச் சாறிக்கு
பத்து, பதினைந்து தரம்.
வாங்காமலும் போவார்கள்.

நேற்று மத்தியானம், ஆளில்லாத நேரம்,
செருப்பைக் கழற்றிவிட்டு
இடது புறங்காலை வலது கெண்டையில் தேய்த்தபடி
ஒற்றைக் காலில் நின்றாள்.
பாசையூர்க்காரி.
கொக்கென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எத்தினை நாளா?
'சும்மா சுளுக்கடி. தானா மாறும்.'

மாறும், என்றேன். எனக்கு அதுதான் பயம்.
ஏணியை அவள் கையிலிருந்து வாங்கி
சுவரோடு சாத்தினேன்.
பெரியாஸ்பத்திரியில்
விடிய ஆறரைக்கு நம்பர் துண்டு குடுப்பாங்கள்.
லீவை நான் சொல்லுறன்.
நாளைக்கே போ.
ஆற முதல் போ.