துண்டு போட்ட இடம்

கடலூர் நிலையத்துக்குள் பாண்டி வண்டி திரும்பும்போதே
சன்னல் வழியே துண்டுகள் விழும்.
ஒரு சாப்பாட்டுப் பை. ஒருமுறை ஒற்றைச் செருப்பு.
ஆள் வரும்வரை அதுதான் ஆள்.
நான் தவளக்குப்பம் வரை நின்றபடி.

இரவு வேலை. முதலியார்பேட்டையில்
டயர் கடைக்கு மேல் இரண்டாம் மாடி.
ஒரே தரவுத்தளம், பதினேழு குடித்தனம்.
எழுத எழுத வேறோர் ஊருக்குப் படி எடுத்துக்கொள்ள
பத்தே பத்து இடம்.
பதினோராவது கேட்டால்
சர்வர் வருத்தம்கூடத் தெரிவிக்காது.

இன்று கேட்பது காரைக்கால் ரத்த வங்கி.
"ஓ நெகட்டிவ் எங்க எத்தனை இருக்குன்னு
விடியறதுக்குள்ள எனக்கு இங்க தெரியணும்" என்கிறார்
பெர்னதெத்.

பட்டியலைத் திறக்கிறேன். ஒன்பதில் ஆள் உண்டு.
முதுநகர் ஐஸ் கம்பெனி மெல்லத்தான் படிக்கிறது;
மீன் வராத நாளில் மோட்டாரோடு சேர்த்து
ஜைனுலாபுதீன் அதையும் அணைத்துவிடுவார்.
ஆனாலும் படிக்கிறது.
ஏழாவதில் மட்டும் வெறும் துண்டு.
நாற்பத்துமூன்று நாளாக யாரும் வரவில்லை.

வராதவருக்காக ஒரு வரியும் அழியாமல் இருக்கிறது.
சர்வரின் குணம் அது, வாக்கு கொடுத்தால் கொடுத்ததுதான்.
ஒவ்வொரு ரசீதும், சீட்டுத் தவணையும்,
பள்ளிக்கூடத்தில் தப்பாக அடித்துத் திருத்திய இனிஷியலும்
படிக்க ஆளில்லாத படிக்காகக் காத்துக் குவிந்து
வட்டு எண்பத்தாறு விழுக்காடு.
நூறானால்
பதினேழு பேருக்கும் பேனா நின்றுவிடும்.

பெயர்: சோதனை_2.
தணிகைவேல் தனதில்லை என்றான்.
மேலாளர் கட்டைவிரல் ஒன்றை அனுப்பினார்,
எடு என்றா, இருக்கட்டும் என்றா, தெரியவில்லை.
பழைய கட்டளைகளைப் புரட்டினேன்.
உருவாக்கிய நேரம் அதிகாலை மூன்று ஐம்பது.
உருவாக்கியது
நான்.

எதையோ சரிபார்க்கத்தான். மழை. மின்சாரம் போய் வந்தது.
முதல் பேருந்தில் உட்கார இடம் கிடைத்த சந்தோஷத்தில்
மறந்தே போனேன்.

நீக்க ஒரே வரி போதும்.
எண்பத்தாறு. எண்பத்தாறு. நகம் கடித்தேன்.
எண்பத்தாறு.
அறுபத்தொன்று.
அந்த இடத்தில் காரைக்கால் வந்து உட்கார்ந்தது,
முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கியது.
தணிகைவேலிடம் இன்னும் சொல்லவில்லை.

காலை வண்டியில் சன்னலோரம் ஒரு கைக்குட்டை.
யாருது என்று இரண்டு முறை கேட்டேன்.
ரெட்டிச்சாவடி தாண்டியும் யாரும் வரவில்லை.
எடுத்து மடித்து
மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இறங்கும்போது இதை எங்கே வைப்பது
என்றுதான் தெரியவில்லை.