இன்னும் இரண்டடி

மகள் இருக்கும் தெருவில் கேரவன்
எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாதாம்.
எதிர்வீட்டுக்காரர் திங்கட்கிழமை காலை
வைப்பரில் ஒரு காகிதம் செருகியிருந்தார்,
அடியில் சிரித்த முகம் ஒன்றும் வரைந்து.

ஆகவே பதினான்கு மைல் தள்ளி,
சர்க்கரைக் கிழங்கு வயலுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே
நாள் வாடகை முப்பத்தெட்டு டாலருக்கு
பதினேழாம் எண் இடம்.
தண்ணீர்க் குழாய், மின்கம்பம், கழிவுக்கு ஒரு துளை.
பக்கத்தில் மானிட்டோபாக்காரர்கள்.
அவர்களுடைய நாய்க்கு
எங்களுடையதைவிட நல்ல நாற்காலி.

ஆர்லின் நெப்ராஸ்காவில்
முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன்.
நான் தானியக் கிடங்கில் லாரிகளை எடை போட்டவள்.
தொட்டி நிரம்பினால் எங்கள் வண்டி
ஏழு டன்னுக்குச் சற்றுக் குறைவு,
அவன் பிடிவாதத்தைச் சேர்க்காமல்.

மகளைப் பார்க்கத்தான் இடாஹோ வந்தோம்.
கெண்ட்ராவுக்குத் தயிர்த் தொழிற்சாலையில் வேலை,
ஆறு மணிக்குத்தான் விடுவார்கள்.
அதுவரை பகல் என்று ஒன்று இருக்கிறதே,
அதை எங்காவது ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.
கார் இழுத்து வரவில்லை.
பால் வாங்கப் போனாலும்
கட்டிலும் கழிவறையும் கூடவே வரும்.

செவ்வாய்க்கிழமை அருவிக்குப் போனோம்.
ஆகஸ்டில் ஆற்றையெல்லாம் வயலுக்குத் திருப்பிவிடுகிறார்கள்.
வெறும் பாறை. ஓரத்தில்
சரியாக மூடாத குழாய்போல ஒரு நூல் தண்ணீர்.
கம்பியைப் பிடித்துக்கொண்டு
வெகுநேரம் பார்த்தான் ஆர்லின்.
"நல்லாத்தான் விழுது" என்றான்.

கிண்டல் என்றுதான் சிரித்தேன்.
அவன் சிரிக்கவில்லை.

திரும்பும் வழியெல்லாம் கணக்குப் போட்டேன்.
ஜூனில் இடித்த தபால் பெட்டி.
உப்பென்று நினைத்து முட்டையில் தூவிய சர்க்கரை.
இருட்டுமுன் போய்விடலாம் என்று
மூன்று மணிக்கே ஆரம்பிக்கும் அவசரம்.
சின்னச் சின்னதாக ஏறியிருக்கிறது,
எடைமேடையில் நிற்க விடாமலே
லாரியை ஓட்டிப் போயிருக்கிறான்.

வண்டியைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம்
அவன் உள்ளே, நான் வெளியே.
நாற்பத்து மூன்று வருஷமாக அப்படித்தான்.
வயோமிங்கில் ஒருமுறை "இடது, இடது" என்று கத்தினேன்.
"யாருடைய இடது?" என்று இறங்கிவந்து கேட்டான்.
தெற்கு டகோட்டா எல்லைவரை
எங்களிடையே சாண்ட்விச் மட்டும் கைமாறியது.

பதினேழாம் எண்ணுக்கு முன் வண்டி நின்றதும்
முழங்கால் வலிக்கிறது என்றேன்.
இன்றைக்கு நீ போய்ப் பின்னால் நில்.
என் முழங்காலை அவன் பார்த்தான்.
இருபது வருஷமாக அது வலித்ததில்லை,
இரண்டு பேருக்கும் தெரியும்.
சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கினான்.

கண்ணாடியில் அவனைத் தேடினேன்.
கையசைத்து வழிகாட்டவில்லை.
தடவிப் போய் மின்கம்பத்தைக் கண்டுபிடித்து
அதில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான்,
இரண்டு உள்ளங்கையையும் முன்னால் நீட்டியபடி.
கம்பத்துக்கும் எனக்கும் நடுவே எவ்வளவு இடம் என்றால்
அவன் அளவு.

"வா" என்றான்.
ஏழு டன்னோடு வந்தேன்,
ஒரு மைல் போகிற நேரத்தில் ஒரு அடி.
"இன்னும் ரெண்டடி."
மானிட்டோபா நாய்
நாற்காலியை விட்டு எழுந்து நின்றது.
"இன்னும்."
பின் கண்ணாடியில் இரண்டு கை பதிந்தது.
நிறுத்தினேன்.

ஆறரைக்கு கெண்ட்ரா வந்தாள்,
கையில் தொழிற்சாலைத் தயிர் ஆறு டப்பா.
பேரன் வெஸ்டன் டியூபாவையும் தூக்கி வந்திருந்தான்.
ஒரே பாட்டின் முதல் பாதியை நான்கு தரம் வாசித்தான்,
நாய் கூடவே பாடியது.

"அருவி எப்படி?" என்றாள் மகள்.
ஆர்லின் என் பக்கம் திரும்பினான்.
தண்ணீரே இல்லை என்றேன்.
"ஒரு நூல்தான்" என்றான் அவனும்,
விரலிடுக்கில் அளவு காட்டி.

பின் கண்ணாடியில் அந்தக் கைத்தடம் இருந்தது.
மறுநாள் வண்டி கழுவினேன்,
மற்ற மூன்று பக்கமும்.