காற்றுக்குக் கட்டிய கயிறு

புன்டா அரேனஸில் காற்று மாதங்கள் வந்தால்
நகராட்சி ஆட்கள் தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்.
துணி காயப்போட அல்ல,
ஆள் பறந்துவிடக் கூடாதே என்று.
மகெல்லன் நீரிணையிலிருந்து ஏறி வருவது
எடை பார்த்துத்தான் ஆளைத் தூக்கும்.
அந்த வருஷம் நான் நாற்பத்தாறு கிலோ.

மனநலப் பிரிவில் பதினொரு மாதம் காத்திருந்து
வாங்கிய சீட்டு. எண் முப்பத்தொன்பது.
செவிலியர் எண்ணைக் கூப்பிடவில்லை,
பேரைக் கூப்பிட்டார்.
அடையாள அட்டையில் கிடக்கும் பேரை,
அம்மா கோபத்தில் மட்டும் முழுசாய்ச் சொல்லும் பேரை,
நடைக்கூடம் முழுக்கக் கேட்கும்படி
மூன்று தரம்.
எழுந்தால் அந்தப் பேர் நானாகிவிடும்.
எழாவிட்டால் பதினொரு மாதமும் போச்சு.
முழங்கால் இரண்டும் கலந்து பேசி
உட்கார்ந்தே இருப்பதென்று முடிவு செய்தன.

நாற்பது, உள்ளே வரலாம்.

வெளியே வந்து கயிற்றைப் பிடித்தேன்.
அதே கயிற்றில் எதிரே ஒருத்தி.
சாயம் போன ஊதாக் குல்லாய், கையில் வெங்காயப் பை.
ஒருவர் கையை எடுத்தால்தான் மற்றவர் கடக்கலாம்.
இருவருமே எடுக்கவில்லை.
காற்றுக்கு மேலே குரலேற்றிக் கத்தினாள்:
"வேற பேர் சொல்லிக் கூப்பிட்டாங்களா?"
எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.
"நாலு சீட்டு தொலைச்சவ நான்.
வியாழக்கிழமை வா, வலை விக்கிற கடை மாடிக்கு.
கோப்பை மட்டும் நீயே கொண்டு வரணும்."

அழுவார்கள் என்று நினைத்துக்
கைக்குட்டை எடுத்துப் போனேன்.
எரிவாயு பில்லுக்குச் சண்டை நடந்துகொண்டிருந்தது.
ஆறு நாற்காலி, ஒன்பது பேர்.
நண்டுத் தொழிற்சாலையில் என் பக்கத்து மேசையில் ஓடு உடைக்கும் எலியாசர்,
இரண்டு வருஷமாய்த் தலையசைப்பு மட்டும் தந்த ஆள்,
அங்கே உட்கார்ந்திருந்தான்.
இருவரும் அவரவர் கோப்பைக்குள் முகத்தை ஒளித்தோம்.

பேர் கேட்டார்கள்.
கண்ணாடியிடம் மட்டும் சொல்லிப் பார்த்திருந்ததை
முதல்முறை இன்னொரு காதுக்குக் கொடுத்தேன்:
இலாரியோ.
யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
"இலாரியோ, சர்க்கரையை இந்தப் பக்கம் தள்ளு"
என்றாள் யஸ்னா, வெங்காயக்காரி.
தள்ளினேன். பாதி மேசையில் கொட்டியது.

சுவரில் ஒரு அட்டை:
யார் எத்தனை மணிவரை விழித்திருப்பார்கள் என்று.
எலியாசர், இரவு இரண்டு வரை.
மினெர்வா, ரொட்டி அடுப்பு மூட்ட எழுபவள், மூன்றிலிருந்து.
நடுவே ஒரு மணிநேரம் வெறும் கட்டம்.

ஜூனில் அந்த ஊரில் விடியப் பத்தாகும்.
ஒரு ராத்திரி, வெறும் கட்டத்துக்குள் சரியாக விழுந்தேன்.
இரண்டு பத்து. இருந்தாலும் அழைத்தேன்.
எலியாசர் எடுத்தான். தூக்கம் ஒட்டிய குரல்.
என்ன சொல்வதென்று அவனுக்கும் தெரியவில்லை.
லாரி ஓட்டிவிட்டு வந்து உறங்கும் தன் கணவனின்
மூக்கருகே போனைக் கொண்டுபோய் வைத்தான்.
அப்படி ஒரு குறட்டை.
மேடேற முடியாமல் கியர் மாற்றிக்கொண்டே இருந்தது.
சிரித்துவிட்டேன். பிறகுதான் அழுதேன்.
மூன்று மணிக்கு மினெர்வாவின் கைக்கு
என்னை மாற்றிக் கொடுத்தான்.

அடுத்த சீட்டு செப்டம்பரில்.
யஸ்னா கூட வந்து முகப்பு மேசையில் முழங்கை ஊன்றினாள்.
பழைய பேருக்கு மேலே பென்சிலால் புதிது எழுதினார்கள்.
பென்சிலால்தான், அழிக்க வசதியாக.
அதை வைத்துக்கொண்டு கதவைத் தாண்டினேன்.
"எப்படித் தூங்குறீங்க?" என்றார் உளவியலாளர்.
குறட்டையிலிருந்து ஆரம்பித்தேன்.
முதல் இருபது நிமிடம் அவர் எதுவும் எழுதவில்லை.

மாத்திரை உண்டு. செவ்வாய்கள் உண்டு.
சில செவ்வாய் போக முடிவதில்லை.

இரண்டிலிருந்து மூன்று இப்போது என் கட்டம்.
எப்படியும் தூங்காத நேரம், வாடகைக்கு விட்டதுபோல்.
போன வாரம் மணியடித்தது.
எதிரில் பேச்சில்லை, காற்று மட்டும்.
நானும் கேள்வி கேட்கவில்லை.
போனைப் பலகைமேல் வைத்துச் சொன்னேன்:
வெங்காயம் நறுக்கிக்கிட்டிருக்கேன்,
நாலு இருக்கு,
முடியிறவரைக்கும் லைன்ல இருங்க.
இரண்டாவதை உரிக்கையில்
அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.