முந்நூற்று எண்பத்திரண்டு நாள்

துப்ரி கோர்ட்டு வாசலில், ஜெராக்ஸ் கடையை ஒட்டி
மூன்றாவது மேசை என்னுடையது.
பக்கத்துக்குப் பதினைந்து ரூபாய்.
அழுதால் அது கணக்கில் சேராது.

மொய்ஃபுல் பேவா வந்து உட்கார்ந்தபோது
சேலை ஓரத்தில் மணல் காய்ந்திருந்தது.
இரண்டு பிகா நிலம். எதிராளி, செத்த புருஷனின் தம்பி.
வாதி வரவில்லை என்று வழக்கைத் தள்ளி
நானூற்றுப் பன்னிரண்டு நாளாயிற்று.
எழுப்பக் கேட்பதற்குச் சட்டம் தருவது முப்பது.
மிச்சத்துக்கு, ஒவ்வொரு நாளுக்கும்,
காரணம் வேண்டும் என்றார் வக்கீல்.
சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

கூப்பிட்ட அன்று எங்கே இருந்தாய்?

படகில்.
நடு ஆற்றில் மணல் தட்டி நின்றுவிட்டது,
பொழுது சாயும்வரை.

சாட்சி?

அவன்தான். அதே படகில், எதிர்ப்பலகையில்.
அவன் வக்கீல் ஊருக்குள்ளேயே இருப்பவர், போய்விட்டார்.
பொரி அவனிடம் இருந்தது, வெல்லம் என்னிடம்.
பேசவில்லை. தின்றோம்.

டவாலி மூன்று முறை அவள் பெயரைக் கூவியது
அந்த நேரமாகத்தான் இருக்கும்.
‘தவிர்க்க இயலாத காரணத்தால்’ என்று அடித்தேன்.
பொரியை விட்டுவிட்டேன்.

வெள்ளம் நாற்பத்தாறு நாள்.
காய்ச்சல். மகளுக்குப் பிரசவம்.
பழைய வக்கீல் கட்டைத் தர மறுத்தது இரண்டு மாதம்.
ஆடு விற்க ஒரு சந்தை, விலை படியாமல்
அதே ஆட்டோடு இன்னொரு சந்தை.
அப்படியும் தொண்ணூற்றொரு நாள் துண்டு விழுந்தது.
அந்த நாட்களில் சோறாக்கினேன், என்றாள்.
அதை எழுதலாமா?

எழுதவில்லை. அடுத்த பத்திக்குக் கேட்டேன்:
நிலம் இப்போது யார் அனுபவத்தில்?

ஆற்றின் அனுபவத்தில்.
போன மழையில் கரையோடு போயிற்று,
கிணற்றடியும் சேர்த்து.

விரல் விசைமேல் நின்றது.
பிறகு எதற்கம்மா இவ்வளவு செலவு?

கெட்டித் தரையில் பிறந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.
தின்ற ஆறு கக்கும் தம்பி.
எனக்குத் தெரிந்து இரண்டு தடவை கக்கியிருக்கிறது.
மண் மேலே வருகிற அன்று
வழக்கு செத்துக் கிடக்கக் கூடாது.

நாலு பக்கம். அறுபது ரூபாய்.
ஐம்பதும், முடிச்சில் கசங்கிய ஒரு பத்தும்.
இடது பெருவிரலில் மை தடவி
தாளின் அடியில் அழுத்தினாள்,
விதை ஊன்றுகிற அழுத்தம். தாள் கிழியப் பார்த்தது.

கேட்டுக்கு வெளியே குடையோடு ஒருவன்
வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தான்.
உள்ளே எட்டிப் பார்த்துக் கத்தினான்:
முடிந்ததா அண்ணி?
நாலு மணிப் படகை விட்டால் அப்புறம் கிடையாது.