ஆயிரத்து ஐந்நூறுக்குப் பதினான்கு டாலர்

நாற்பது டாலர் கட்டினால் எதில் வேண்டுமானாலும் நீந்தலாம்.
ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு மட்டும்
மேற்கொண்டு பதினான்கு.
ஏன் என்று ஆண்டுதோறும் ஒருவராவது கேட்கிறார்.
தண்ணீருக்கு அல்ல, நேரத்துக்கு என்கிறேன்.
ஐம்பது மீட்டர்க்காரர்
நான் இருமி முடிப்பதற்குள் கரையேறிவிடுவார்.
நீங்கள் ஏறமாட்டீர்கள்.

தண்டர் பே, பிப்ரவரி.
ஏரி உறைந்து வெள்ளைத் தரையாய்க் கிடக்கிறது.
குளத்தில் ஆறு தடம். மூன்று சுற்று. பதினெட்டு இடம்.
விண்ணப்பங்கள் இருபத்து மூன்று.
சமையலறை மேசையில் பரப்பி,
ரொட்டித் தூளைத் தட்டிவிட்டு,
நேரவாரியாக அடுக்குகிறேன்.

எல்லோரும் என்னிடம் நேரத்தைப் பற்றிப் பொய் சொல்கிறார்கள்.
பல்வரிசை மருத்துவர் கிரேம் ஃபுல்லர்ட்டன்
பத்தொன்பது நிமிடம் முப்பது வினாடி என்கிறார்.
அது அவருடைய முதல் திருமண காலத்து நேரம்.
மவ்ரீன் ஓயாலா முப்பத்திரண்டு என்று எழுதி
இருபத்தெட்டில் முடிப்பாள்;
மெதுவான சுற்றில் முதலாவதாக வருவது அவளுக்குப் பிடிக்கும்.
எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

வெண்டெல் குஸிக் மட்டும்
'தெரியாது' என்று எழுதியிருந்தார்.
கணினி அந்தச் சொல்லை விழுங்க மறுத்தது.
தொலைபேசியில் கூப்பிட்டேன்.
பின்னால் இன்ஜின் ஓடும் சத்தம்.
"எதுவானாலும் சரி, ஒரு எண் வேண்டும்."
"லாரியில் மரம் ஏற்றி முடிக்க நாற்பது நிமிடம்.
அதைப் போட்டுக்கொள்ளுங்கள்."
போட்டேன்.
தேதிப்படி பத்தொன்பதாவது ஆள் அவர்.
காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு
கிரேமிடமிருந்து செய்தி:
நிப்பிகன் பக்கம் பனி, சாலை மூடிவிட்டார்கள்,
பணம் திரும்பக் கிடைக்குமா?
இரண்டரைக்குள் வந்து கையெழுத்திடாதவர் பெயரை
நானே அடித்துவிட வேண்டும். அடித்தேன்.
பேருந்தில் ஒருவர் இறங்கியதும்
நிற்பவர்கள் நகர்வதுபோல்
ஒவ்வொருவராக ஓரிடம் மேலேறினார்கள்.
மூன்றாம் சுற்றின் ஓரத்தில் ஆறாம் தடம் காலியானது.
பட்டியலில் இருந்த ஐந்து பேரில்
வெண்டெல் மட்டுமே நேரில் வந்திருந்தார்.
முழங்காலில் துண்டு,
கையில் ஒரு பத்து டாலர் தாள்,
இரண்டு இரண்டு-டாலர் காசுகள்.
சூடாக இருந்தன.

நீளம் எண்ண ஆளை நீங்களே கூட்டிவர வேண்டும் என்று
படிவத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது.
பின்பக்கத்தை யார் படிக்கிறார்கள்?
நாலு இருபத்து நாலுக்கு விசில் ஊதினார்கள்.
எண்பலகையோடு அந்தக் கோடியில் மண்டியிட்டேன்.
மூன்று. ஐந்து. ஏழு.
அவர் திரும்பும்போதெல்லாம் என் சட்டைக்கை நனைந்தது.
மவ்ரீன் இருபத்தெட்டில் முடித்து
யாரையோ தேடுவதுபோல் சுற்றிப் பார்த்தாள்.
ஒவ்வொரு தடமாக அலை அடங்கியது.
ஐந்து மணிக்குக் குளம் எங்களுடையதல்ல.
உயிர்காப்பாளர் தியா கடிகாரத்தைப் பார்த்தாள்,
பிறகு என்னை.
அவரை நிறுத்த விதிப்படி எனக்கு அதிகாரம் உண்டு.
பலகையில் அப்போது ஐம்பத்தொன்று.

ஐம்பத்து மூன்றைத் திருப்பி
நீருக்குள் அமிழ்த்தினேன்.
ஐம்பத்தொன்பதுக்குப் பிறகு எண் கிடையாது,
கடைசி நீளத்துக்கு வெறும் ஆரஞ்சு நிறப் பலகைதான்.
அதை அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை.
சுவரைத் தொட்டுவிட்டு அப்படியே தொங்கினார்.
"எவ்வளவு?" என்று கேட்க
அவருக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

இரவு, மேசையில் கணக்கு.
பத்தொன்பது பேர் கட்டியது: இருநூற்று அறுபத்தாறு.
இரண்டு மணி நேர வாடகை நூற்று எண்பது,
காப்பாளர்கள் இருவருக்கு அறுபது.
ஏழு நிமிடம் தாமதத்துக்குக்
கால் மணி நேரமாக எழுதிவிட்டார்கள், இருபத்து நாலு.
மிச்சம் இரண்டு டாலர்.
கிரேமுக்கு எழுதினேன்:
திருப்பித் தர இயலாது, செலவாகிவிட்டது.

வெண்டெல் பெயருக்கு எதிரே
'தெரியாது' இருந்திருக்க வேண்டிய கட்டத்தில்
நாற்பத்து மூன்று நிமிடம் ஆறு வினாடி என்று பதிந்தேன்.
இனி அவரிடமும் ஓர் எண் இருக்கிறது.
அடுத்த பிப்ரவரியில்
அவரும் என்னிடம் பொய் சொல்லலாம்.