இருபத்தைந்து நாள்

"இருபத்தைந்தே நாளில் அறுவடை" என்றது
விதைப் பொட்டலம்.
குன்னூர் அதைப் படிக்கவில்லை.
"ஒரே ஒரு மாதம்தான்" என்று என்னை மலையேற்றிவிட்ட
தலைமை அலுவலகமும் படித்ததாகத் தெரியவில்லை.

மீன் வந்த தெர்மாகோல் பெட்டி.
அடியில், காய்ச்சிய ஆணியால் ஆறு துளை.
பெட்ஃபோர்டிலிருந்து ஸ்கூட்டரில் காலிடுக்கில் வந்த மண்.
சிவப்பு முள்ளங்கி, கோலிக்குண்டு ரகம்.
வீட்டுக்காரர் போஜன் குனிந்து பார்த்தார்:
"கேத்தியில எனக்கு மூணு ஏக்கர் கேரட்டு, மேடம்.
நீங்க டப்பாவுலயா?"

ஐந்தாம் நாள்
ஜோடி ஜோடியாகக் காது விடைத்து நின்றன.
நெருக்கியடித்தவற்றைப் பிடுங்கித்
தயிர்சோற்றில் போட்டேன்.
நூல் கனம்கூட இல்லை,
மூக்கில் ஏறுகிறது காரம்.

பயறுதான் பாடாய்ப் படுத்தியது.
தூத்துக்குடியில் ராத்திரி முடிந்து வைத்தால்
காலையில் துணியைத் துளைத்து வால் நீட்டும்.
இங்கே மூன்று நாளாக
என்னைப் போலவே போர்வைக்குள் சுருண்டு கிடந்தது.
கடைசியில் செட்டாப் பாக்ஸ் தலைமேல் ஏற்றினேன்.
சீரியலுக்கு அசையவில்லை.
பட்ஜெட் விவாதத்தில் நள்ளிரவு தாண்டியும் கத்தினார்களே,
அன்றைக்கு அரை விரற்கடை.

முப்பத்தோராம் நாள் விடிகாலை
மூடுபனி கதவுவரை வந்திருந்தது.
அதற்குள் கறுப்பாக ஒன்று
மூச்சு விட்டது.
காட்டெருமை.
பள்ளிக்கூடம் கிளம்பியதுபோல
நாலு காலிலும் வெள்ளைக் காலுறை.
கேட்டை நெற்றியால் திறந்து வந்து
நாக்கை ஒரு சுழற்று.
என் ஒரு மாதத்துப் பச்சை
அதற்கு ஒரு வாய்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்,
வாயில் பற்பசை நுரையோடு.
"ச்சூ" என்றேன்.
என் காதுக்கே கேட்கவில்லை.

தகர டின்னும் டார்ச்சுமாகப் போஜன் வந்து சேர்ந்தபோது
சாணம் மட்டும் ஆவி பறக்கக் கிடந்தது.
பெட்டி கவிழ்ந்து, மண் சிதறி,
மண்ணுக்குள் அங்கங்கே சிவப்பு.
எண்ணினேன், பதினொன்று.
மொட்டைத் தலையோடு,
ஒரு பல்தடம் இல்லாமல்.

கழுவக்கூட விடவில்லை.
ஸ்வெட்டர் கையில் துடைத்து ஒன்றைக் கடித்தார்,
லாரி லாரியாகக் கிழங்கு ஏற்றி அனுப்புகிற மனிதர்.
நறுக்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை, கண்ணில் நீர்.
"இன்னொண்ணு எடுத்துக்கட்டா?"

மீதி ஒன்பதைச் சக்கரமாக அரிந்து,
பயறு, உப்பு, அரை எலுமிச்சை.
தட்டு தேடவில்லை.
பல் கூசக் கூச, நின்றபடியே,
பாத்திரத்திலிருந்தே தின்று முடித்தேன்.

மத்தியானம் கடிதம் வந்தது: மேலும் ஒரு மாதம்.
பொட்டலத்தில் பாதி விதை கிடக்கிறது.
ஈரத்துணியை அலசி
இந்தமுறை கொண்டைக்கடலையை முடிந்து வைத்தேன்,
அதே தலைமேல்.
டிவியில் நீலகிரிக்குக் கனமழை எச்சரிக்கை.
நல்லதுதான்.
விடிய விடிய ஓடும்.