காவோலையின் அடிப்பக்கம்

கூடுதாழையில் வலைக்கொட்டகை வேய
திசையன்விளைப் பக்கமிருந்து
ரெண்டு லோடு ஓலை.
மூன்றாம் கட்டைப் பிரித்துத் திருப்பினால்
ஒரு காவோலையின் மடிப்பில் பஞ்சு.
பஞ்சில் முட்டை இரண்டு,
வேப்பம்பழம் அளவு, வெள்ளை.

உதறினேன். விழவில்லை.
தலைகீழாகப் பிடித்தேன். விழவில்லை.
“உழவாரன் எச்சில்லா அது,” என்றான் பலவேசம்,
“பேய்க்காத்துக்கே விடாது,
ஒன் கைக்கா விடப்போவுது?”

பார்த்திருக்கிறேன் அதை.
பொழுது சாய்கையில் பனந்தலைக்கு மேலே
புல் செதுக்கும் உழவாரத்தின் வளைவோடு
செதுக்க ஒரு புல்லும் இல்லாத வானத்தைச்
செதுக்கிக்கொண்டே திரியும்.
தரையில் பார்த்ததில்லை.
காலென்று அதற்கு இருப்பவை
ஓலை பிடிக்கச் சில கொக்கிகள்.

கடற்காக்காய்க்குக் கால் உண்டு.
சிவப்பாக, திருநாளுக்குச் சாயம் பூசியதுபோல.
அது நிற்காத இடமில்லை:
வள்ளத்தின் அணியம், ஐஸ் பெட்டி,
கெபி உச்சியில் சிலுவையின் ஒரு கை.
இமயத்துக்கு அந்தப்புறம் ஏதோ ஏரியில் பிறந்ததாம்.
பழுப்புத் தலை அங்கே, கல்யாணக் காலத்துக்கு.
ஐப்பசி கழிந்து இங்கே வரும்போது
காதோரம் மைப்பொட்டு ஒன்றுதான் மிச்சம்.
ஏலத்தில் கித்தேரி கழித்துப்போடும் சாளைக்கு
இருநூறு தொண்டைகள் சண்டை போடும்.
அவ்வளவு தூரம் பறந்தது
இதற்குத்தானா என்று யாரும் கேட்டதில்லை.
நானும் ராதாபுரம் தாண்டி
கூலிக்குத்தான் வந்திருக்கிறேன்.

ஓலையை மணலில் வைத்துவிட்டு
டீ குடிக்கப் போனேன். அவ்வளவுதான்.

திரும்பி வந்தால் அதன் மேல் நிற்கிறது கடற்காக்கா.
கொத்தி இழுக்கிறது.
முட்டை வரவில்லை.
மறுபடி இழுக்கிறது.
ஓடு உடைந்தது, பசை விடவில்லை.
உள்ளே இருந்ததை உறிஞ்சிவிட்டு
அலகை என் கயிற்றிலேயே துடைத்துக்கொண்டு
எழும்பிப் போனது, அவசரமில்லாமல்.

பாதி ஓடு இன்னும் ஓலையில் இருக்கிறது,
கிண்ணம் கவிழாமல் பிடித்த மாதிரி.
பக்கத்தில் மற்றது, முழுசாக, சில்லென்று.

எந்தப் பறவையைத் திட்ட?
பழுத்தது காய்ந்தது பார்க்காமல்
மரத்தை மொட்டையடித்து அனுப்பச் சொன்னது நான்.

அந்த ஓலையைக் கடைசி வரிசையில் வைத்துக் கட்டினேன்,
முட்டை உள்பக்கம் பார்க்க.
“அங்கன என்ன, பொத்தலா?” என்று
கீழிருந்து கேட்டாள் கித்தேரி.
இல்லை என்றேன்.

அந்நேரம் திசையன்விளைப் பக்கம்
ஓலையில்லாத ஒரு பனையை
இரண்டு உழவாரன்கள் சுற்றிக்கொண்டிருந்திருக்கும்,
இறங்கக் காலில்லாமல்.